பையின் வாய்

குருவைவிடச் சீடருக்கு வயது கூடுதல். கரையில் ஒதுங்கும் திருக்கை முட்டைப்பைகளைப் பார்த்து இனம் சொல்வார் கிளாடிஸ் டீச்சர். மீன் ஏலக்கூடத்தில் வேலை பார்த்த மெற்றில்டா அதை வீம்புக்குப் படிக்க வந்து, விடாமல் ஒட்டிக்கொண்டாள். நான்கு மூலையிலும் கொம்பு வைத்த கறுத்த தோல்பை, அதில் என்ன அப்படிப் பாடம் என்று ஊர் சிரித்தது. அவள் சட்டை செய்யவில்லை.

அன்று காலை அவள் ஓட்டமும் நடையுமாக வந்தாள். காற்று வலுக்குமுன் எல்லா மீன்பிடி வள்ளங்களும் கரை சேர்ந்திருந்தன, அவள் மகன் ஜெனிஸ்டன் போன வள்ளம் தவிர. ஊரே கரையில் நின்றது. அவளால் அங்கே நிற்க முடியவில்லை.

ஒரு கையில் முட்டைப்பை. மறுகையில் சேலைத் தலைப்பால் மூடிய ஏதோ ஒன்று. பையை மட்டும் மேசைமேல் வைத்தாள்.

"குட்டைக்கொம்பு இனம், டீச்சர்."

டீச்சர் பையை எடுத்து வாளித் தண்ணீரில் போட்டார். காய்ந்த பை சுருங்கிக் கிடக்கும், ஊறிய பிறகுதான் இனம் சொல்ல வேண்டும். முதல் நாள் பாடம் அது. மெற்றில்டா மறக்கிறவள் இல்லை. பயம் மறக்க வைத்திருந்தது.

இருவரும் வாளியைப் பார்த்து உட்கார்ந்தார்கள். காற்று தகரக் கூரையை உலுக்கும்போதெல்லாம் அவள் வாசலைப் பார்த்தாள். யாராவது ஓடிவந்து கெட்ட சேதி சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

பை மெல்ல விரிந்தது. சுருண்ட கொம்புகள் நீண்டன. வேறு இனம்.

"தப்பாச் சொல்லிட்டேன்." பையை அமுக்கிப் பார்த்தாள். "உள்ள ஒண்ணுமில்ல. செத்துப்போச்சு."

"எப்படிக்கா சொல்றீங்க?"

"வெறும் பையால்ல இருக்கு."

"எப்படி வெறுமையாச்சுன்னு பாருங்க."

அவள் திருப்பினாள். கடல் நத்தை துளைத்துத் தின்றிருந்தால் வட்டமாக ஓட்டை இருக்கும். ஓட்டை இல்லை. இரு கொம்புகளுக்கு நடுவே ஓர் ஓரம் மட்டும் நேராகத் திறந்திருந்தது. குட்டி வெளியேறிய வழி அது.

அப்புறம்தான் அவள் மறுகையை மூடிய சேலைத் தலைப்பை விலக்கினாள். வலையில் கட்டும் மிதப்புக் கேன். ஜெனிஸ்டன் தன் கையால் அடித்த மஞ்சள் பெயிண்ட். ஒரு முழக் கயிறு தொங்கியது. முட்டைப்பைக்குப் பக்கத்திலேயே கிடந்ததாம். யாரிடமும் காட்டவில்லை என்றாள். பார்த்தால் பெண்கள் ஒப்பாரி வைத்துவிடுவார்கள், அப்புறம் அது நிஜமாகிவிடும் என்று பயந்திருந்தாள்.

"எம்மவன் இருக்கானா, போயிட்டானா? சொல்லுங்க டீச்சர்."

டீச்சர் கேனைத் தொடவில்லை. "கயித்து நுனியப் பாருங்க."

"பயமா இருக்கு."

"எனக்குந்தான். பாருங்க."

மெற்றில்டா நுனியை விரலில் எடுத்தாள். பிய்ந்த கயிறு நார்நாராகக் கிடக்கும். இதன் நுனி சமமாக இருந்தது, கத்தி வைத்து அறுத்த கயிறு. காற்றில் வலை வள்ளத்தை இழுத்துக் கவிழ்க்கப் பார்த்தால் உயிர் தப்ப ஆட்கள் செய்கிற காரியம்.

"வலைய அறுத்து விட்டிருக்கான் டீச்சர்." அவள் நுனியை விடவில்லை. "அப்ப வந்துருவானா?"

டீச்சர் முட்டைப்பையைக் கையில் எடுத்தார்.

"குட்டி வெளிய போச்சுன்னுதான் பை சொல்லும். மிச்சத்தக் கரையில நின்னுதான் பாக்கணும். வாங்கக்கா, நானும் வர்றேன்."