எழுதாத சீட்டு

ஜெபக்கனிக்கு ஒரு பழக்கம். எதைத் தீர்மானிக்க வேண்டுமானாலும் சீட்டுப் போட்டுவிடுவாள். 'சரி' என்று ஒன்று, 'வேண்டாம்' என்று ஒன்று. மடித்து வேதாகமத்துக்குள் வைத்து, ஜெபம் பண்ணி, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பாள். கையில் வருவதுதான் ஆண்டவர் சித்தம். பசுமாடு வாங்கினதும் அப்படித்தான். அந்த மாடு ஒழுங்காகப் பால் கறந்ததே இல்லை. அது வேறு விஷயம்.

இப்போது வந்திருப்பது மாடு இல்லை, மாப்பிள்ளை.

அவள் புருஷன் இறந்து ஏழு வருஷம். தண்ணி லாரி ஓட்டும் தனசிங்கும் மனைவியை இழந்தவர். சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை கோயில்ல நம்ம கல்யாண ஓலையை வாசிக்கச் சொல்லுங்க. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம்னு சபை கேக்கட்டும். வாசிக்கலேன்னா உங்களுக்கு இஷ்டமில்லைன்னு எடுத்துக்கிடுதேன். பெறகு உங்க தெருப் பக்கம் லாரியைக்கூடத் திருப்ப மாட்டேன்."

சனிக்கிழமை சாயங்காலம் ஜெபக்கனி ஐயரம்மாவிடம் ஓடினாள். ஐயரம்மா சபைப் போதகரான ஐயரின் மனைவி. ஜெபக்கனியைவிடப் பத்து வயது இளையவள். ஆனாலும் வேதத்தில் எது புரியாவிட்டாலும் ஜெபக்கனிக்கு அவள்தான் குரு.

ஐயரம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"சீட்டுப் போட்டீங்களாக்கா?"

"போட்டேன். 'சரி'ன்னு வந்துச்சு."

"பெறகென்ன?"

"பயமா இருந்துச்சு. திரும்பவும் போட்டேன். 'வேண்டாம்'னு வந்துச்சு."

"அதுக்கு?"

"அழுதுட்டேன்."

ஐயரம்மா சிரிக்கவில்லை. "இப்போ நான் என்ன செய்யணும்?"

"நீங்க எழுதி மடிச்சுத் தாங்க. என் கையை நான் நம்பலை. இதுல வாரதுதான் கடைசி."

ஐயரம்மா கை கழுவிவிட்டு உள்ளே போனாள். மடித்த சீட்டுகளை ஒரு டம்ளரில் போட்டுக் கொண்டுவந்தாள். ஜெபக்கனி ரொம்ப நேரம் ஜெபம் பண்ணினாள். எடுத்தாள். பிரித்தாள்.

ஒன்றும் எழுதியில்லை.

"எழுத மறந்துட்டீங்க."

"மத்ததை எடுங்க."

அதிலும் ஒன்றும் இல்லை. ஜெபக்கனிக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ன ஐயரம்மா இது? விடிஞ்சா ஓலை. நான் விளையாடவா வந்தேன்?"

"தனசிங் குடிப்பாரா?"

"சோடாகூடக் குடிக்க மாட்டாரு."

"உங்க மக சில்வியாவைப் பாத்துக்கிடுவாரா?"

"அவதான் அவரைப் பாத்துக்கிடுதா. லாரி எப்படி ஓட்டணும்னு அவருக்கே சொல்லிக்குடுக்கா."

"ஜெபம் பண்ணுவாரா?"

"வண்டியை எடுக்கும்போதெல்லாம் முணுமுணுப்பாரு. அந்தப் பிரேக்குக்கு ஜெபம் பண்ணித்தான் ஆகணும்."

"வேதத்துல தடை ஏதாவது இருக்கா?"

"இல்லை. நானும் தேடிப் பாத்துட்டேன்."

"கிடைக்கணும்னு தேடினீங்களா, கிடைக்கக் கூடாதுன்னு தேடினீங்களா?"

ஜெபக்கனி கீரையைப் பார்த்தாள். "கிடைக்கக் கூடாதுன்னுதான்."

ஐயரம்மா மறுபடியும் கீரையை எடுத்துக்கொண்டாள்.

"ஊரு பேசும் ஐயரம்மா."

"பேசும்."

"ஆண்டவர் ஒரு வார்த்தை சொல்லிட்டா ஊரைப் பத்தி எனக்கென்ன? அவருதான் வாயே திறக்க மாட்டேங்காரு. இப்பவும் பாருங்க, வெறுந்தாளு."

ஐயரம்மா எழுந்துபோய் ஒரு பேனா எடுத்துவந்தாள். அந்த வெறுந்தாளின் மேல் வைத்தாள்.

ஜெபக்கனி பேனாவைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். முதலில் முழித்தாள். பிறகு காது வரைக்கும் சிவந்துபோனாள். பேனாவைப் பிடுங்காத குறையாக எடுத்து, 'தனசிங்' என்று எழுதினாள். பக்கத்திலேயே, அதைவிடப் பெரிதாக, 'ஜெபக்கனி' என்று எழுதினாள். அழுத்தின அழுத்தில் தாள் லேசாகக் கிழிந்தது. அவள் கவலைப்படவில்லை. தலையைத் தூக்கிச் சிரித்தாள். ஏழு வருஷத்தில் யாரும் அவளை அப்படிப் பார்த்ததில்லை.

"ஓலையில இந்தப் பேரை ஐயர் சத்தமா வாசிக்கணும். கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்கணும்."

"நீங்களே போய்ச் சொல்லுங்க. உள்ள பிரசங்கம் எழுதிக்கிட்டிருக்காரு."

ஜெபக்கனி எழுந்தாள். வாசற்படியில் கால் நின்றுவிட்டது.

"ஐயரம்மா, நான் எழுதினது தப்பாப் போச்சுன்னா? ஆண்டவர் என்னைக் கைவிட்டுட மாட்டாரா?"

"போன கிறிஸ்துமஸுக்கு சில்வியாவை ஜவுளிக்கடைக்குக் கூட்டிட்டுப் போய், உனக்குப் பிடிச்சதை எடுன்னு விட்டீங்க. அவ எடுத்த பாவாடை ஒரே துவைப்புல சாயம் போச்சு. அன்னைக்கு ராத்திரி அவளுக்குச் சோறு போடலியாக்கா?"

ஜெபக்கனி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக உள்ளே நடந்தாள். ஐயர் அறைக் கதவைத் தட்டின தட்டு தெரு வரைக்கும் கேட்டது.