கால்வாசியில் நின்ற திருகு

திண்டுக்கல்லில் கார் ஸ்டீரியோ கடை வைத்திருக்கும் சாகுலிடம் இருதயம் வேலைக்குச் சேர்ந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் எட்டு மாதம் வேலையில்லாமல் இருந்தவர். குவாரி அதிபர் பொன்னுரங்கத்தின் புது வண்டியின் டிக்கியில் அவர் ஆம்ப்ளிஃபயர் மாட்டினார். ஸ்டீரியோவிலிருந்து வரும் வோல்ட்டை மீட்டரில் மூன்று முறை அளந்தார். மூன்று முறையும் நாலு வோல்ட் காட்டியது. அந்த நாலுக்குப் பொருந்தும்படி ஆம்ப்ளிஃபயரின் சத்தம் கூட்டும் திருகை வைத்தபோது அது கால்வாசியில் நின்றது.

டிக்கியைத் திறந்து பார்த்த பொன்னுரங்கம், தெருவே திரும்பும்படி கத்தினார்.

"யோவ், முழு ஆம்ப்ளிஃபயர் வாங்கினவனுக்குக் கால்வாசிதானா? முழுசாத் திருப்பு!"

"திருப்பினா பாட்டு கிழிஞ்சிரும் ஐயா."

"எனக்கே பாடமா? சாகுல், இந்த ஆளை இப்பவே வீட்டுக்கு அனுப்பு."

சாகுல் தலையாட்டினார்.

"போயிடறேன் ஐயா," என்றார் இருதயம். "அதுக்கு முன்னாடி உங்க மனசுப்படியே வச்சுக் கொடுத்திடறேன். நீங்க முன்சீட்டுல உட்கார்ந்து, சரியா இருக்கும்போது குரல் கொடுங்க."

பொன்னுரங்கம் ஏறி உட்கார்ந்தார். இருதயம் ஒரு நாதஸ்வரப் பாட்டைப் போட்டுவிட்டு, டிக்கிக்குப் போய்த் திருகைக் கடைசிவரை திருப்பினார். தகரத்தைத் தரையில் இழுத்ததுபோல் நாதஸ்வரம் கரகரத்தது.

"என்னய்யா இது கண்றாவி!"

இருதயம் மெல்ல மெல்லத் திருகைப் பின்னால் கொண்டுவந்தார்.

"நிறுத்து! இதுதான்யா முழுச் சத்தம்! இதைத்தானே முதல்லயே கேட்டேன்?"

"வந்து பாருங்க ஐயா."

திருகு கால்வாசியில் நின்றது. சத்தம் கேட்டுக் கூடியிருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். பொன்னுரங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சாகுல், என் அடுத்த வண்டிக்கும் இவரையே போடு."