பத்துப் பலகையும் ஒரு எக்ஸெல் ஷீட்டும்

குதிரை ரேஸ் கதைன்னதும் ஜெயிக்கிற நம்பர் சொல்லுவேன்னு பேனாவைத் திறந்துட்டீங்க, இல்ல? மூடிக்குங்க. இது தோக்கற நம்பரோட கதை.

அப்போல்லாம் கிண்டியில பந்தயப் பணம் வாங்கற புக்கிங்க, ஜெயிச்சா ரூபாய்க்கு எத்தனை தருவோம்னு பலகையில சாக்பீஸாலதான் ரேட்டு எழுதுவாங்க. ஒரு குதிரை மேல பணம் விழுந்தா, உடனே அழிச்சுக் குறைச்சு எழுதுவாங்க. அந்தச் சாக்பீஸ் தூசியும் கடலை வாசனையும் இப்ப எங்க கிடைக்குது!

பத்துப் பலகையையும் பார்த்து, எவன் அதிகம் தர்றான்னு எக்ஸெல்ல போடறது நவமணியோட வேலை. மடியில லேப்டாப்பு அடுப்பாட்டம் கொதிக்கும்.

ஒருநாள் அவ முதலாளி, இரும்புக்கடை ஆளவந்தார், கத்தினார். "இத்தனை கட்டம் போடறியே, ஜெயிக்கிற குதிரையைச் சொல்லு! இல்லேன்னா திங்கக்கிழமை வேலைக்கு வராதே!"

"ஜெயிக்கிறது குதிரைக்கே தெரியாது சார். தோக்கறதை வேணா சொல்றேன். முதல்ல நீங்க பணம் கட்டிட்டு வாங்க."

கட்டிட்டு வந்தார். எந்தக் குதிரைன்னு மூச்சு விடல. நவமணி ஷீட்டைப் பார்த்தா. "அஞ்சாம் நம்பர் தோக்கும் சார்."

முதலாளிக்கு வேர்த்துச்சு. அஞ்சாம் நம்பர் கடைசியா வந்துச்சு, கல்யாண ஊர்வலத்துல வர்ற மாதிரி.

"நான் அஞ்சுல கட்டினது உனக்கு எப்படித் தெரியும்?"

"ஷீட்டு சொல்லுச்சு சார். திங்கக்கிழமை வரட்டுமா?"

"ஷீட்டுக்கு யாரு சொன்னா?"

நவமணி லேப்டாப்பை மூடினா. பக்கத்துல பலகை துடைச்சுக்கிட்டிருந்த புக்கி காத்தமுத்துவுக்குத்தான் தாங்கல.

"யாரு கட்டினாலும் ரேட்டைக் குறைப்போம். நீங்க கட்டினா மட்டும் பத்துப் பலகையிலயும் ஏத்திடுவோம் சார்! நீங்க தொட்ட குதிரை என்னைக்கு ஜெயிச்சிருக்கு?"