இரண்டு மலிவு ஸ்விட்சுகள்

குருமார்கள் மரத்தடியில் அமர்ந்திருப்பார்கள் என்றொரு நம்பிக்கை நெடுங்காலமாக நிலவி வருகிறது. இது திருத்தப்பட வேண்டிய பிழை. மரம் இருக்கும் இடத்தில் மாதிரி விமானம் விட முடியாது, கிளையில் மாட்டிக்கொள்ளும். எனவே இந்தக் கதையின் குரு, திருச்சிக்குத் தெற்கே வறண்டு கிடந்த ஓர் ஏரியின் நடுவில், நிழல் என்பதே இல்லாத இடத்தில், தொப்பி போட்டுக்கொண்டு நின்றார்.

குரு சீடரைவிட வயதில் மூத்தவர் என்பதும் அதே வகை நம்பிக்கைதான். டாக்டர் ரெஜினா பல் மருத்துவர். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஏரியில் ரேடியோ விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். சீடர் திருவேங்கடம், கருவூல அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தாடி இருவருக்கும் இல்லை.

திருவேங்கடம் அன்று தன் மூன்றாவது விமானத்தைக் கொண்டுவந்திருந்தார். முதல் இரண்டும் நடுவானில் பேச்சைக் கேட்காமல் போய்த் தரையில் மோதி நொறுங்கிவிட்டன. பிரித்துப் பார்த்தபோது இரண்டிலும் குற்றவாளி ஒன்றே: பேட்டரிக்கும் ரிசீவருக்கும் நடுவில் இருக்கும் சின்ன ஸ்விட்ச். அது உள்ளுக்குள் தொடர்பை விட்டுவிட்டால், தரையிலிருந்து என்ன கட்டளை அனுப்பினாலும் விமானத்துக்குக் கேட்காது.

காரில் அவர் மனைவி பிரபாவதி உட்கார்ந்திருந்தார். மூன்றாவதும் விழுந்தால், விமானம் செய்யும் அறை அவருடைய தையல் மிஷினுக்கு. வீட்டில் அப்படித்தான் பேசி முடித்திருந்தார்கள். டாக்டருக்கும் அது தெரியும். அறையை அளந்த டேப் இன்னும் அவர் கைப்பையில் இருந்தது.

திருவேங்கடம் ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்த ஸ்விட்சுகளைக் கார் பானெட்டின் மேல் கொட்டினார்.

“முதல் விமானத்துல விலை கூடினதைப் போட்டேன் டாக்டர். வெளிநாட்டுச் சரக்கு. விழுந்துடுச்சு. ரெண்டாவதுல அதைவிட விலை கூடினது. அதுவும் விழுந்துடுச்சு. அதனால இப்ப மலிவா ஒரு பிடி அள்ளிட்டு வந்திருக்கேன். இதுல கெடாதது எதுன்னு நீங்கதான் எடுத்துத் தரணும்.”

“முன்னாடி போட்ட ரெண்டையும் வீட்டுல சோதிச்சீங்களா?”

“தினமும். சாப்பிட்டதும் ஒரு தரம். படுக்கறதுக்கு முன்னாடி ஒரு தரம்.”

“தூக்கத்துல எழுந்து போயும்,” என்று காருக்குள்ளிருந்து குரல் வந்தது.

“எப்படிச் சோதிப்பீங்க?”

அவர் ஒரு ஸ்விட்சை எடுத்துக் காட்டினார். டக், டக், டக், டக்.

கருவூலத்தில் பெட்டக அறையைப் பூட்டியபின் பூட்டை இழுத்துப் பார்ப்பது வழக்கம். திருவேங்கடம் இழுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனைவரை போய், திரும்பி வந்து இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பவர். அது பித்தளைப் பூட்டு. தாங்கியது.

ரெஜினா அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“சார், ஆடாத பல்லைத் தினம் ஆட்டிப் பார்ப்பீங்களா?”

டக் நின்றது.

“அப்ப அந்த ரெண்டையும் நானேதான்…”

“எங்க கிளினிக்குக்கு அப்படி நிறைய பேர் வர்றாங்க.”

ரெஜினா பானெட்டின் மேல் கிடந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, ஒரே ஒரு முறை தள்ளிப் பார்த்தார். தொளதொளவென்று நகர்ந்தவற்றை ஓரம் கட்டினார். அழுத்தமாகப் போய் நின்றவற்றிலிருந்து இரண்டை எடுத்தார்.

“இந்த ரெண்டுல எது நல்லது டாக்டர்?”

“தெரியல.”

“உங்களுக்குமா தெரியல?”

“அதனாலதான் ரெண்டு.”

பேட்டரியிலிருந்து வரும் மின்சாரத்துக்கு இரண்டு வழி கிடைக்கும்படி, இரண்டையும் அருகருகே ஈயம் வைத்துப் பற்றவைத்தார். ஒரு வழி அடைத்துக்கொண்டாலும் இன்னொன்று ரிசீவருக்குப் போய்ச் சேரும்.

திருவேங்கடம் குனிந்து பார்த்தார். “ரெண்டுமே போயிடலாமே?”

“போகலாம்.”

“ரெண்டும் மலிவு வேற.”

“ஆமா.”

“அப்ப எதை நம்பி மேல விடறது?”

ரெஜினா இடது ஸ்விட்சை மட்டும் போட்டு, கட்டளை அனுப்பும் டிரான்ஸ்மிட்டரின் குச்சியை அசைத்தார். விமானத்தின் வால் அசைந்தது. அதை அணைத்துவிட்டு வலதை மட்டும் போட்டார். வால் அசைந்தது. பிறகு இரண்டையும் போட்டார்.

திருவேங்கடத்தின் விரல் தானாக ஸ்விட்சுப் பக்கம் நகர்ந்தது. ரெஜினா டிரான்ஸ்மிட்டரை அந்தக் கையில் வைத்தார்.

“இதைப் பிடிங்க. ரெண்டு கையாலயும்.”

எஞ்சின் உறுமியது. விமானம் ஏரியின் வெடிப்பு மண்ணில் தடதடவென்று ஓடி எழும்பியது. திருவேங்கடம் பல்லைக் கடித்துக்கொண்டு அதை வட்டமடிக்க விட்டார். முதல் விமானம் விழுந்த இடத்தைத் தாண்டியது. இரண்டாவது விழுந்த இடத்தையும் தாண்டியது.

“பல்லைக் கடிக்காதீங்க சார். தேயும். ஒரு குட்டிக்கரணம் போடுங்க.”

“விழுந்துட்டா?”

“அம்மா அறையை எடுத்துக்குவாங்க. போடுங்க.”

அவர் குச்சியை இழுத்தார். விமானம் செங்குத்தாக ஏறி, மல்லாந்து, வயிற்றைச் சூரியனுக்குக் காட்டிவிட்டு வழுக்கி இறங்கி நேரானது. காரின் கதவு திறந்து பிரபாவதி வெளியே வந்து நின்றார். திருவேங்கடம் சத்தமாகச் சிரித்தார். கருவூலத்தில் யாரும் கேட்டிராத சிரிப்பு. இன்னொரு கரணம் போட்டார். அதை யாரும் போடச் சொல்லவில்லை.

விமானம் துள்ளித் துள்ளித் தரையிறங்கி நின்றது. எஞ்சினை நிறுத்தினார்கள்.

“இடது ஸ்விட்சை மட்டும் அணைங்க,” என்றார் ரெஜினா. “இப்ப குச்சியை அசைங்க.”

அசைத்தார். வால் அசையவில்லை. வலது ஸ்விட்ச் போட்டபடியேதான் இருந்தது.

திருவேங்கடம் மறுபடி அசைத்தார். பிறகு விமானத்தின் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“கிளம்பும்போது வேலை செஞ்சுதே டாக்டர்.”

“செஞ்சுது.”

“அப்ப எப்ப போச்சு?”

“எஞ்சின் அதிர்வுல போயிருக்கும். மேல இருக்கும்போது.”

“மேல எப்ப?”

“நீங்க சிரிச்சீங்களே, அப்பவா இருக்கலாம்.”

அவர் வானத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. ரெஜினா செத்த ஸ்விட்சை வெட்டி எடுத்துவிட்டு, பானெட்டிலிருந்து இன்னொன்றை எடுத்து அந்த இடத்தில் பற்றவைக்கத் தொடங்கினார்.

“அது போனது எனக்கு அப்பவே தெரிஞ்சிருந்தா?”

“சிரிச்சிருக்க மாட்டீங்க சார்.”

பிரபாவதி கைப்பையிலிருந்து டேப்பை எடுத்து, விமானத்தின் இறக்கையை ஒரு நுனியிலிருந்து மறுநுனிவரை அளந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விமானம் பூப்போட்ட துணி உறையில் வந்தது. ஸ்விட்சுகள் இருக்கும் பக்கம் விரல் நுழையத் திறப்பில்லாமல் தைத்திருந்தது.