எட்டாவது முறை அளந்தபோது

பிரகாசியிடம் தொழில் கற்க வந்து சேர்ந்தபோது வியாகுலத்துக்கு ஐம்பத்து நான்கு வயது. பிரகாசிக்கு முப்பத்தொன்பது. கடற்கரையில் தகரக் கூரை போட்ட அவளுடைய பட்டறையில் படகு மோட்டார்கள் வரிசையாக மாட்டியிருக்கும். கரையில் எல்லோரும் அவளை மேஸ்திரியம்மா என்றார்கள். வியாகுலமும் அப்படியே கூப்பிட்டார். அவள் அவரை அண்ணே என்றாள்.

அவர் தெற்கே வேறொரு ஊர்க்காரர். முப்பது வருடம் கடலுக்குப் போனவர். ஏன் விட்டார் என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஒன்றரை வருடத்தில் கை நன்றாகப் பழகிவிட்டது. பிரித்த மோட்டாரைக் கண்ணை மூடிக்கொண்டு சேர்ப்பார். ஆனால் ஒரு மோட்டாரைப் பார்த்து, இது ஓடும், இது ஓடாது என்று அவர் வாயால் சொன்னது கிடையாது. அதை எப்போதும் பிரகாசிதான் சொல்வாள்.

ஒரு காலையில் கஸ்பார் தன் மோட்டாரைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார்.

"இழுவை கொறைஞ்சிருச்சி மேஸ்திரியம்மா. ரிங் மாத்தணுமா, இல்ல இந்தக் கணவாய் மீன் சீசன் முடியிற வரைக்கும் தாங்குமா? நாளைக்கு விடிய நானும் மச்சானும் தொலைவுக்குப் போறோம்."

"அண்ணே பார்த்துச் சொல்லுவாரு" என்றாள் பிரகாசி.

வியாகுலம் அவளைப் பார்த்தார். அவள் வேறு வேலைக்குத் திரும்பிவிட்டாள்.

அவர் பிளக்குகளைக் கழற்றினார். அழுத்தமானியைத் துளையில் பொருத்திக் கயிற்றை இழுத்தார். மேல் சிலிண்டர் நூற்றுப் பத்து காட்டியது. கீழ் சிலிண்டர் எண்பது. கீழ்த் துளையில் கொஞ்சம் எண்ணெய் விட்டு மறுபடி இழுத்தார். முள் நூற்றுக்கு ஏறியது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்து காற்றை விட்டால், எண்ணெய் போய் அந்த இடைவெளியை அடைக்கும். அழுத்தம் ஏறும். இது அவருக்குத் தெரியும்.

எண்ணெயைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தார். பிறகு மறுபடி.

வெளியே கஸ்பார் இரண்டு முறை டீ குடித்துவிட்டு வந்து நின்றார். வியாகுலம் இன்னும் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

பிரகாசி பக்கத்தில் வந்தாள்.

"எத்தனை தடவை பார்த்தீங்க அண்ணே?"

"ஏழு."

"ஏழு தடவையும் என்ன காட்டிச்சி?"

"ஒண்ணுதான்."

"அப்ப எட்டாவது தடவை யாரைப் பார்க்கப் போறீங்க?"

அவர் கையிலிருந்து கயிறு நழுவியது. அப்படியே பக்கத்திலிருந்த மரப்பலகை மேல் உட்கார்ந்தார்.

"என் தம்பியை. லூர்துன்னு பேரு. ரிங் மாத்திருவமா அண்ணேன்னு கேட்டான். மாதா திருநாள் முடியட்டும்னு சொன்னேன். அந்த வாரமே நடுக்கடல்ல மோட்டார் நின்னுருச்சி. மூணு நாள் மிதந்தோம். ரெண்டாம் நாள் தண்ணி தீர்ந்துபோச்சி. மூணாம் நாள் வேற ஊர் விசைப்படகுக்காரன் வந்து என்னைத் தூக்கினான். தம்பி அன்னைக்கு விடியிறப்பவே போயிட்டான். படகை அப்படியே விட்டுட்டு வந்தோம். மோட்டாரும் அதோட போச்சி, பிரிச்சுப் பார்க்கக்கூட முடியலை."

பிரகாசி கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கு ரிங்கை மாத்தியிருந்தா அவன் இருந்திருப்பானா மேஸ்திரியம்மா? அதைத் தெரிஞ்சுக்கத்தான் இங்க வந்தேன். இத்தனை மோட்டாரைப் பிரிச்சிட்டேன். இன்னும் தெரியலை."

அவள் மோட்டாரிலிருந்து அழுத்தமானியைக் கழற்றினாள். துணியில் துடைத்து அதன் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

"கஸ்பாரண்ணன் காலையில இருந்து வெளிய நிக்கிறாரு" என்றாள்.

வியாகுலம் வெகுநேரம் அந்தப் பெட்டியையே பார்த்தார். பிறகு எழுந்து வெளியே போனார்.

"ரிங் தேஞ்சிருக்கு. மாத்தணும். ரெண்டு நாள் ஆகும்."

கஸ்பாரின் முகம் சுருங்கியது. "கரையே கணவாய் அள்ளிட்டு வருது, என்னை மட்டும் வீட்ல உட்காரச் சொல்றீங்களா? மாத்தாமப் போனா நின்னுருமா? உறுதியாச் சொல்லுங்க."

"நிக்கும்னு எனக்குத் தெரியாது. நிக்காதுன்னும் தெரியாது. ரிங் தேஞ்சிருக்கு, அது மட்டும் தெரியும். என் தம்பியா இருந்தா இதோட போகவிட மாட்டேன்."

கஸ்பார் அவரை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு மணலில் இறங்கி நடந்தார். மோட்டாரைத் திருப்பிக் கேட்கவில்லை.

அன்றே வியாகுலம் மோட்டாரைப் பிரித்தார். கீழ் பிஸ்டனில் மேல் ரிங் மெலிந்திருந்தது. உடையவில்லை. சிலிண்டரில் கீறல் இல்லை. புது ரிங் போட்டு, தொட்டித் தண்ணீரில் வைத்து மெதுவாக ஓடவிட்டுப் பழக்கினார். மூன்றாம் நாள் விடியலில் கஸ்பார் மச்சானோடு கடலுக்குப் போனார்.

அன்று வியாகுலத்துக்குச் சோறு இறங்கவில்லை. நாலு மணி வாக்கில் கஸ்பார் பட்டறைக்கு வந்து, ஒரு கூடைக் கணவாயை வாசலில் வைத்தார்.

"புது மோட்டார் மாதிரி இழுக்குது" என்று சிரித்துவிட்டுப் போனார்.

வியாகுலம் கூடையைத் தொடவில்லை.

"அப்ப நான் சொன்னது சரிதானே மேஸ்திரியம்மா?"

"பழைய ரிங்கோட போயிருந்தாலும் வந்திருக்கலாம், அண்ணே. உடையலையே."

"இன்னைக்கு அவரு திரும்பி வராமப் போயிருந்தா, நான் சொன்னது தப்பா?"

"புது ரிங் போட்ட மோட்டாரும் நின்னுருக்கு. நான் போட்டதே நின்னுருக்கு."

"அப்ப எனக்கு எப்பத்தான் தெரியும்?"

பிரகாசி அவர் எதிரே மணலில் உட்கார்ந்தாள்.

"திருநாள் முடியட்டும்னு சொன்னீங்களே, அன்னைக்கும் உங்களுக்குத் தெரியாது அண்ணே. தெரிஞ்சிருந்தா தம்பியைக் கூட்டிட்டுப் போயிருப்பீங்களா?"

வியாகுலம் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவர் எழுந்திருக்கும்வரை அவளும் அங்கேயே இருந்தாள்.