மூணு தூக்குவாளி

ஒரு ஊர்ல ஒரு அம்மா இருந்தாங்க, பேரு செங்கமலம். ஒருநாள் மூணு தூக்குவாளியோட ரயில் ஏறினாங்க. ஒண்ணுல தயிர்சாதம், ஒண்ணுல சர்க்கரைப் பொங்கல், ஒண்ணுல புளிசாதம். மக வெண்ணிலாவுக்கு அன்னிக்கு வளைகாப்பு. "நீ வராம நான் ஒத்த வளையல் போட மாட்டேம்மா"ன்னு மக சொல்லியிருந்தா. ம் கொட்டு... ஆங்.

சித்திரை மாசம். வெயில் காயற நேரத்துல சோ...ன்னு மழை! பாதி வழியில கிரீச்சுன்னு ரயில் நின்னுபோச்சு. ரெண்டு பக்கமும் வெள்ளம், சளப் சளப். போன்ல டவர் இல்ல. நல்ல நேரம் அஞ்சு மணியோட சரி. செங்கமலம் ஜன்னல் வழியா எட்டி எட்டிப் பாத்தாங்க.

அப்புறம், எதிர் சீட்டுல ஒரு கொழந்தை பசியில வீல்னு கத்துச்சு. மகளுக்குக் கட்டினதைத் தொடலாமான்னு மனசு அடிச்சுக்கிட்டாலும், தயிர்சாதத்தைத் திறந்துட்டாங்க. கொழந்தையோட அம்மா வாளியைக் கழுவி, "வெறும் பாத்திரமா தரக்கூடாதுக்கா"ன்னு, திருவிழாவுல வாங்கின புது வளையல்ல நாலு போட்டா. கிலுங்!

அப்புறம் ஒரு பெரியவர். சக்கரை இறங்கி, கையெல்லாம் வெடவெட. அவருக்குப் பொங்கல். "சக்கரை வியாதிக்காரனுக்குச் சக்கரைப் பொங்கலே மருந்து, பாத்தியாம்மா!"ன்னு சிரிச்சு, வாளியில ஒரு எலுமிச்சம்பழம் போட்டார். டொக்!

அப்புறம், தண்டவாளத்தைப் பாக்க இறங்கின இஞ்சின் டிரைவர், சொட்டச் சொட்ட நனைஞ்சு வந்தார். "காலையில இருந்து பச்சத்தண்ணிதான், தங்கச்சி." புளிசாதத்தையும் குடுத்துட்டு எந்த மூஞ்சியோட சம்பந்தி வீட்டுக்குப் போறது? செங்கமலம் கொஞ்ச நேரம் வாளியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருந்தாங்க. அப்புறம், மக வளைகாப்புக்குக் கட்டினதுன்னு சொல்லி நீட்டிட்டாங்க.

அவர் தின்னு முடிச்சு முழிச்சார். "உள்ள போட எங்கிட்ட ஒண்ணும் இல்லியே. மக வீடு எங்க?"

"வாய்க்கா பாலம் தாண்டினதும், தண்டவாளத்து ஓரமா."

"சரி, போய் உக்காரு."

தண்ணி வடிஞ்சுது. ரயில் எறும்பா ஊர்ந்துச்சு.

அங்க வெண்ணிலா வீட்டுல, "ரயில் வராதாம், டிவியில சொல்லிட்டான். கையை நீட்டு புள்ள"ன்னு மாமியார் வளையலை எடுத்துட்டாங்க. அவ கண்ணு கலங்கக் கையை நீட்டறா... அப்போ,

கூ...ஊ...! கூ...ஊ...! கூ...ஊ...!

வெடுக்குன்னு கையை இழுத்துக்கிட்டா. "அந்தா, எங்கம்மா!"

ரயிலை விட்டு இறங்கி, முழங்கால் சேத்தோட செங்கமலம் வாசல்ல வந்து நின்னாங்க. "சோறு இல்ல சம்பந்தி..." மாமியார் வாளிகளைத் திறந்து பாத்தாங்க. வளையல், எலுமிச்சம்பழம். "மூணாவதுல என்ன?"

"அதுல இருந்த ரயில் கூவலைத்தான் இப்பக் காதால கேட்டீங்களே."

மாமியார் சிரிச்சுட்டாங்க. ஊர் பேர் தெரியாதவ குடுத்த வளையல்தான் முதல்ல வெண்ணிலா கையில ஏறுச்சு.

அந்த டிரைவர் பேரும் தெரியாது. இன்னிக்கும் ரயில் போனா செங்கமலம் ஒரு கும்பிடு போடுவாங்க. அன்னிக்கு வெண்ணிலா வயித்துக்குள்ள இருந்த பாப்பா அந்தக் கூவலுக்கு விட்டுச்சு பாரு ஒரு உதை! இன்னும் என் பக்கத்துல படுத்து உதைச்சுக்கிட்டேதான் இருக்கு.

கதை ஊர் வந்து சேந்துடுச்சு. காலை மடக்கித் தூங்கு, என் ராசாத்தி.