கொம்பையா குழுவினர் மேடைக்கு வரவும்

கொக்கலாங்குளத்து ஆட்களை யாராவது முட்டாள்கள் என்று சொன்னால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள் அவர்கள். அதைக் குறை சொல்ல நாம் யார்? அந்த ஊர் நையாண்டி மேளக்காரர்கள் நாலு பேர் நாட்டுப்புற இசை விழாவுக்குப் போய்வந்த கதையைக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

நாலு பேரில் மூத்தவர் கொம்பையா. உறுமி அடிப்பார். மாடக்கண்ணு நாதஸ்வரம், வண்டிமலை தவில். சப்பாணிமுத்து ஜால்ரா போடுவான், யோசனையும் சொல்லுவான். இரண்டில் ஜால்ரா தேவலை.

கொம்பையாவுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசைதான். அவர் பேரை ஒரு தடவையாவது மைக்கில் சொல்லக் கேட்க வேண்டும். முப்பது வருஷமாகக் கோயில் கொடைத் திருவிழாக்களில் உறுமி அடிக்கிறார். கொடைக்கு ஒரு தார் வாழைப்பழம் கொடுத்தவன் பேரை மைக்கில் நாலு தடவை சொல்லுவார்கள். காணாமல் போன சைக்கிள் சாவியைப் பற்றி ஐந்து தடவை சொல்லுவார்கள். விடிய விடிய உறுமி அடித்தவர் பேரை மட்டும் ஒரு மனுஷன் சொன்னதில்லை. "ஒரு சாவிக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்லையே, பேச்சி!" என்று மனைவி பேச்சித்தாயிடம் அழாத குறையாகச் சொல்லுவார்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு கடிதம் வந்தது. சித்திரக்குளத்தங்கரை மைதானத்தில் சனி, ஞாயிறு இரண்டு நாள் விழா. கலைஞர்கள் கூடாரம் போட்டுத் தங்கிக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு 'கொம்பையா குழுவினர்' மேடைக்கு அழைக்கப்படுவார்கள். கடைசியில் ஒரு வரி: விழா முடியும்வரை இக்கடிதத்தைக் கையில் வைத்திருக்கவும்.

வைத்திருந்தார். குளிக்கும்போது அந்தக் கையைத் தூக்கிக்கொண்டே குளித்தார். தூங்கும்போது பேச்சித்தாய் கயிறு போட்டுக் கையோடு கட்டிவிட்டாள். பஸ்ஸில் ஒரு கையில் உறுமி, ஒரு கையில் கடிதம். முதல் வளைவிலேயே ஒரு மீன்காரம்மாவின் கூடைக்குள் உட்கார்ந்துவிட்டார்.

"கம்பியப் பிடிச்சா என்னவே?" என்று அந்த அம்மா சத்தம் போட்டாள்.

"கையில கடுதாசியத்தான் வச்சிருக்கச் சொல்லியிருக்கு தாயி, கம்பிய இல்ல" என்றார் கொம்பையா. மைதானம் வரைக்கும் பூனை ஒன்று அவர் பின்னாலேயே வந்தது.

மைதானத்தில் ஆதிரை என்று ஒரு கல்லூரிப் பெண், கழுத்தில் அடையாள அட்டையோடு ஓடியாடி எல்லாரையும் கவனித்துக்கொண்டிருந்தாள். "வாங்கய்யா! வெயில் கொளுத்துது. நல்ல நிழலாப் பாத்துக் கூடாரம் போட்டுக்குங்க" என்றாள்.

மேடைக்குப் பக்கத்தில் ஒற்றைப் பனைமரம் நின்றது. உச்சிவெயில் நேரம். பனையின் தலை நிழல் வட்டமாக மரத்தடியிலேயே கிடந்தது. அங்கேயே கூடாரம் போட்டார்கள். கூடாரம் என்றால் என்ன, நாலு மூங்கில் கம்பு, குறுக்கே நாலு கம்பு, மேலே தார்ப்பாய், சுற்றிலும் பழைய வேட்டி. அடியில் ஒன்றும் கிடையாது. எங்கே தூக்கி வைத்தாலும் நிற்கும். மேடையில் மைக்குக்காரர் பேசுவது காதுக்குள் பேசுகிற மாதிரி கேட்டது. கொம்பையாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அரை மணி நேரத்தில் சப்பாணிமுத்து அலறினான். "அண்ணாச்சி! நிழல் போகுது!"

வெளியே வந்து பார்த்தார்கள். உண்மைதான். நிழல் கிழக்கே நகர்ந்திருந்தது.

"அந்தப் புள்ள நிழல்ல போடச் சொல்லிச்சு. நாம வெயில்ல இருக்கோம். நாளைக்கு ஒரு சொல்லு வந்துரப்படாது" என்றார் கொம்பையா. ஆளுக்கு ஒரு கம்பைப் பிடித்துக் கூடாரத்தைத் தூக்கி நிழலில் வைத்தார்கள். மறுபடி அரை மணி நேரம், மறுபடி தூக்கினார்கள். பொழுது சாயச் சாய நிழல் ஓட ஆரம்பித்தது. இவர்களும் ஓடினார்கள். குடும்பத்தோடு பாட்டுக் கேட்க வந்தவர்கள் சோற்றுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வழிவிட்டார்கள். சூரியன் விழுகிற நேரத்தில் பனையின் தலை நிழல் குளத்தங்கரை மேலே ஏறி அந்தப் பக்கம் பாதி வற்றிய குளத்துக்குள் இறங்கியது. கூடாரமும் ஏறி இறங்கியது.

"இப்ப எல்லா எடமும் நிழலாயிட்டே, அண்ணாச்சி. எது நம்ம நிழல்?" என்றான் மாடக்கண்ணு மூச்சு வாங்க.

"நாம நிக்கிறதுதாம்லே நம்ம நிழல். படுங்க" என்றார் கொம்பையா.

சாப்பாட்டுக்கு டோக்கன் கொடுத்திருந்தார்கள். டோக்கனைக் காட்டிச் சாப்பிடவும் என்று அதில் அச்சடித்திருந்தது. நாலு பேரும் ஒவ்வொரு உருண்டைக்கும் பரிமாறுகிறவரிடம் டோக்கனைக் காட்டிக் காட்டிச் சாப்பிட்டார்கள். முதலில் அவர் தலையாட்டினார். சாம்பார் சாதம் முடிவதற்குள் வேறு பந்திக்கு மாறிப் போய்விட்டார். இவர்கள் தயிர் சாதத்தைத் தொடாமலே எழுந்து வந்தார்கள், பாவம்.

ஞாயிற்றுக்கிழமை வானம் மூடிக் கிடந்தது. உலகம் பூராவும் நிழல். கூடாரத்துக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது. ஒன்பது மணிக்கு ஆதிரை அவர்களைத் தேடிக் கண்டுபிடித்து மூச்சிரைக்க வந்தாள்.

"இம்புட்டுத் தூரத்துலயா இருக்கீங்க? சரி, பேர் கூப்பிடுற வரைக்கும் கூடாரத்த விட்டு வெளிய வராதீங்க. அங்கங்க சுத்தப் போயிட்டா என்னால தேட முடியாது" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

நாலு பேரும் வாத்தியத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தார்கள். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். தவளைச் சத்தம்தான் கேட்டது.

"அண்ணாச்சி, மைக்கு இங்க கேக்காது போலுக்கே" என்றான் வண்டிமலை.

கொம்பையா வேட்டி மறைப்பில் காதை வைத்துப் பார்த்தார். முப்பது வருஷ ஆசை. பேரைக் கூப்பிட்டும் கேட்காமல் போனால்?

"கரைமேல ஏறி நின்னு கேப்பமா?" என்றார்.

"பேரு கூப்பிடாம வெளிய போகக்கூடாதுல்லா?" என்றான் வண்டிமலை.

"பேரு கேக்கணும்னா வெளிய போகணும். வெளிய போகணும்னா பேரு கேக்கணும்" என்று மாடக்கண்ணு சொல்லிவிட்டு, தலை சுற்றுகிறது என்று படுத்துவிட்டான்.

சப்பாணிமுத்துதான் கடைசியில் வாயைத் திறந்தான். "கூடாரத்த விட்டு நாமதான வெளிய போகக்கூடாது? கூடாரம் போகலாம்லா?"

"அடே சப்பாணி! உனக்கு இம்புட்டு மூளையா!" கொம்பையா அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

ஆளுக்கு ஒரு கம்பு. கூடாரம் எழுந்தது, கரை ஏறியது, மைதானத்துக்குள் நடந்தது. உள்ளே இருப்பவர்களுக்கு வழி தெரியாது. மைக் சத்தம் எந்தப் பக்கம் கேட்கிறதோ அந்தப் பக்கம் நடந்தார்கள். சத்தம் பெரிதாகிக்கொண்டே வந்தது. காலடியில் சாய்வாக ஒரு பலகை வந்தது. ஏறினார்கள். அப்புறம் தட்டையான பலகை.

"நல்ல எடம். பலகையெல்லாம் போட்டு வச்சிருக்கான். இங்கனயே எறக்குங்க" என்றார் கொம்பையா.

ஸ்பீக்கர் ஏற்றுகிற பலகை வழியாக ஏறி, மேடை நடுவிலேயே இறக்கிவிட்டார்கள் என்பது உங்களுக்குப் புரிகிறது. அவர்களுக்குப் புரியவில்லை.

"பேரு கூப்பிடுறதுக்குள்ள ஒரு தடவ ஒத்திகை பாத்துருவோம்" என்றான் சப்பாணிமுத்து.

ஆரம்பித்தார்கள். உறுமி உறுமியது, தவில் இடித்தது. கூடாரமே குலுங்கியது. இரண்டாயிரம் பேர் எழுந்து நின்று ஆடினார்கள். பொய் சொல்லவில்லை, அப்படி ஒரு வாசிப்பு. கையில் கடிதத்தோடு ஒரு மனுஷன் இப்படி உறுமி அடித்து யாரும் கேட்டதில்லை. முடித்ததும் கைதட்டல் வானத்தைப் பிளந்தது.

"யாருக்கோ கைதட்டுறாங்கலே. நம்ம சத்தம் அவுகளுக்கு எடஞ்சலா இருந்திருக்கும். சும்மா இருங்க" என்றார் கொம்பையா.

மைக்குக்காரர் கூடாரத்தை ஒரு பார்வை, கையிலிருந்த பட்டியலை ஒரு பார்வை பார்த்தார். பட்டியலில் கூடாரம் இல்லை. "அருமை, அருமை! கூடாரத்துக்குள் இருந்து வாசித்த கலைஞர்களுக்கு நன்றி! அடுத்ததாக, கொம்பையா குழுவினர் மேடைக்கு வரவும்!"

கொம்பையா துள்ளி எழுந்தார். "ஏலே... என் பேருலே! மைக்குல என் பேருலே!" கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. நாலு பேரும் பின்பக்கமாக வேட்டியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். பார்த்தால், நிற்பது மேடை.

"மேடைக்கு வரச் சொல்லியிருக்கான். மேடையிலயே நிக்கவன் எப்படி வர்றது?" என்றான் வண்டிமலை.

நியாயம்தானே! அவசரமாகப் பின்னால் இறங்கினார்கள். இறங்கி, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, ஏறப் போனார்கள். "கொம்பையா குழுவினர் மேடைக்கு வரவும்!" என்று மைக் மறுபடியும் கூப்பிட்டது.

கொம்பையா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன அண்ணாச்சி?"

"இருலே. போனா நிறுத்திருவான். இன்னொரு தடவ கேட்டுக்கிடுதேன்."

ஏழு தடவை கூப்பிட்டார்கள். ஏழு தடவையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எட்டாவது தடவை மைக்குக்காரர் அலுத்துப்போய், "கொம்பையா குழுவினர் வரவில்லை. அவர்களுக்குப் பதிலாக, கூடாரத்தில் வாசித்த கலைஞர்களே மீண்டும் வாசிப்பார்கள்!" என்றார். கூட்டம் விசிலடித்தது.

"அண்ணாச்சி, நாம வரலைங்கான்" என்றான் மாடக்கண்ணு.

கொம்பையா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மைக்குல சொன்ன பெறகு நாம போய் நின்னா, அந்த மனுஷன் பொய்யனா ஆயிருவாரு. என் பேர ஏழு தடவ சொன்னவரு. அவருக்கு அந்தத் துரோகம் பண்ணலாமா?"

"பண்ணக்கூடாது."

"கூடாரத்துல வாசிச்சது யாரு?"

"நாமதான்."

"அப்பம் அவுகளா போவோம். எந்திரிங்க."

சாயங்காலம் வீடு திரும்பியபோது பேச்சித்தாய் வாசலிலேயே நின்றாள். "என்ன, மைக்குல பேரச் சொன்னாங்களா?"

"ஏழு தடவ, பேச்சி! ஒரு சாவிக்குக்கூட அத்தன தடவ சொன்னதில்ல!"

"என் ராசா! நல்லா வாசிச்சியளா?"

"எங்கிட்டு வாசிக்க? கொம்பையா வரலைன்னு சொல்லிட்டாங்கல்லா" என்று உறுமியை இறக்கிவைத்தார் கொம்பையா. "நல்ல வேளை, அங்க நாங்க இருந்தோம். அவருக்குப் பதிலா நாங்கதான் வாசிச்சுக் குடுத்துட்டு வாரோம்."